புதுப்பித்த வங்கிக் கிளை: இயந்திரங்கள் அருமை, ஆளைத்தான் காணோம்

எங்கள் வட்டாரத்து வங்கிக் கிளையைச் சில மாதங்கள் மூடி வைத்து, புதுப்பித்து, மறுபடி திறந்திருக்கிறார்கள். எந்த வங்கி என்று சொல்லப் போவதில்லை. சிங்கப்பூரில் இன்று எங்கே போனாலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான், ஒன்றை மட்டும் பிடித்துக் குறை சொல்வது நியாயமில்லை. முன்பு வரிசையாகக் கவுண்டர்கள் இருந்த இடம் முழுக்க இப்போது இயந்திரங்கள். பணம் எடுக்க, பணம் போட, காசோலை போட, அப்புறம் வீடியோவில் அதிகாரியோடு பேசக் கண்ணாடித் தடுப்புக்குள் ஒன்று. கவுண்டர் என்று மிஞ்சியிருப்பது உள்ளே ஒதுக்குப்புறமாக இரண்டு, அதிலும் நான் போகும்போதெல்லாம் ஒன்றில்தான் ஆள் இருக்கிறார். வாசலில் கையில் டேப்லெட்டோடு ஒரு தம்பி நிற்கிறார். கிளை என்பது இப்போது இவ்வளவுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிறையவே இருக்கிறது. அம்மாவின் கார்டு கீறல் விழுந்து எந்தக் கடையிலும் வேலை செய்யாமல் போனது. முன்பு என்றால் விண்ணப்பம் கொடுத்துவிட்டுத் தபாலுக்காகக் காத்திருக்க வேண்டும். இங்கே அந்த வீடியோ இயந்திரத்தில் அடையாள அட்டையை வைத்தோம், திரையில் ஓர் அதிகாரி வந்தார், முகத்தைப் பார்த்து இரண்டு மூன்று கேள்வி கேட்டார், கீழே இருந்த துவாரத்தில் புது கார்டு வந்து விழுந்தது. இரவு எட்டு மணிக்கு மேல் நடந்தது இது. மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கும், பேருந்து ஓட்டுநர்களுக்கும், பகலில் கிளைக்குப் போகவே முடியாதவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் பேநவ் 2017இல் வந்த பிறகு சின்னச் சின்னப் பணம் அனுப்புவதற்கு வங்கி வாசலை மிதிக்க வேண்டிய தேவையே போய்விட்டது. 2023 பிப்ரவரியில் அதை இந்தியாவில் அதே மாதிரி இருக்கும் யூபிஐயோடு இணைத்தார்கள். தஞ்சாவூரில் இருக்கும் சின்னம்மாவுக்கு மருந்துச் செலவுக்கு அனுப்ப, ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பணமாற்றுக் கடை வரிசையில் நின்றதெல்லாம் எங்கள் வீட்டில் பழங்கதை ஆகிவிட்டது. ஆகவே, இயந்திரம் வேண்டாம், பழையபடி எல்லாவற்றுக்கும் நம்பர் எடுத்து உட்காருவோம் என்று சொல்பவள் இல்லை நான்.

என் குறை வேறு. வழக்கமான வேலையை இயந்திரம் என்னைவிட, கவுண்டர் அதிகாரியைவிட நன்றாகவே செய்கிறது, ஆனால் வழக்கத்திலிருந்து ஒரு முழம் விலகினால் போதும், அங்கே கேட்க ஆள் இல்லை, இருக்கிற ஆளுக்கும் எதையும் முடிவு செய்யும் அதிகாரம் இல்லை.

அம்மா மைலோ டின்னில் பணம் சேர்ப்பவர். வீட்டுச் செலவில் மிஞ்சியது, பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க வைத்து மிச்சமானது, எல்லாமே 2 வெள்ளியும் 5 வெள்ளியும் 10 வெள்ளியுமாக, நான்காக மடித்து. தீபாவளி முடிந்ததும் அதை வங்கியில் போடுவது அவர் வழக்கம். இந்த மூன்று நோட்டும் பாலிமர் என்பது நமக்குத் தெரியும், ஒருமுறை அழுத்தி மடித்தால் அந்தக் கோடு லேசில் போகாது. இயந்திரத்தின் வாயில் கட்டாக வைத்தார். உள்ளே இழுத்தது, கடகடவென்று எண்ணியது, பாதியைத் திருப்பித் தள்ளியது. திரும்ப வைத்தார், திரும்பத் தள்ளியது. திரையில் ‘இன்னும் நேரம் வேண்டுமா’ என்று ஆங்கிலத்தில் கேட்டு ஓடிக்கொண்டிருந்த நொடிகளைப் பார்த்ததும் அவருக்குக் கை பதறத் தொடங்கியது, ஏற்கெனவே உள்ளே போன பணம் என்ன ஆகும் என்ற பயம். பின்னால் நின்றவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “பரவாயில்லைம்மா, வீட்டுக்குப் போயிடலாம்” என்றார் என்னிடம்.

டேப்லெட் தம்பிதான் ஓடி வந்தார். “ஆண்டி, அவசரமே இல்லை, எங்கிட்ட கொடுங்க” என்று நோட்டுகளை வாங்கி, மேசை விளிம்பில் ஒவ்வொன்றாக மடிப்புக்கு எதிர்ப்பக்கம் தேய்த்து, முனை மடங்கியதை நகத்தால் நீவி, பத்துப் பத்தாக அடுக்கிப் போட்டார். எல்லாமே ஏறிவிட்டது. கடைசியில் அம்மா மனதில் வைத்திருந்த கணக்கும் திரையில் வந்த தொகையும் ஒன்றா என்று இருவரும் சேர்ந்து சரிபார்த்தார்கள். அந்தத் தம்பி தமிழர், அது எங்கள் அதிர்ஷ்டம். பேச்சுவாக்கில் கேட்டபோது, தான் ஒப்பந்த ஊழியர் என்றும் ஒப்பந்தம் நீடிக்குமா என்று தெரியாது என்றும் சொன்னார்.

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு செய்திதான் ஞாபகம் வந்தது. 2025 பிப்ரவரியில் டிபிஎஸ் வங்கியின் அப்போதைய தலைமை நிர்வாகி பியுஷ் குப்தா, செயற்கை நுண்ணறிவு வேலைகளை எடுத்துக்கொள்வதால் அடுத்த மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 4,000 ஒப்பந்த, தற்காலிகப் பணியிடங்கள் குறையும் என்று சொன்னார். நிரந்தர ஊழியர்களுக்குப் பாதிப்பு இல்லை, செயற்கை நுண்ணறிவு சார்ந்து ஏறக்குறைய 1,000 புது வேலைகள் வரும் என்றும் சொல்லப்பட்டது. வெளிப்படையாகச் சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனால் எந்த வங்கியாக இருந்தாலும் சரி, நோட்டை நீவிக் கொடுப்பதும், பயந்தவரிடம் ‘அவசரமே இல்லை’ என்று சொல்வதும் எந்த அறிக்கையிலும் வேலையாக ஏறுவதில்லை, அதனால்தான் வெட்டும்போது அதுவே முதலில் போகிறது என்பது என் கவலை.

இன்னொரு நாள், ஞாயிற்றுக்கிழமை. வீடியோ இயந்திரத்துக்கு முன்னால் ஒரு வெளிநாட்டு ஊழியர் வெகு நேரமாக நின்றுகொண்டிருந்தார், ஊர் புதுக்கோட்டைப் பக்கம், கட்டுமான வேலை. “அக்கா, இது என்ன சொல்லுதுன்னு கொஞ்சம் பாருங்களேன்” என்று கூப்பிட்டார். பழைய சிம் காலாவதியாகிவிட்டது, புது எண் வாங்கியிருக்கிறார். வங்கியில் எண்ணை மாற்ற வேண்டும். மாற்றுவதற்கான ஓடிபி, அதாவது ஒருமுறை மட்டும் செல்லும் கடவு எண், பழைய எண்ணுக்குப் போகிறது. செயலியில் போனாலும் அதே, இயந்திரத்தில் போனாலும் அதே. முதல் திரையில் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம், அது நல்ல விஷயம், ஆனால் மூன்றாவது திரைக்குப் போனதும் எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது, சிக்கல் ஆரம்பிக்கிற இடமும் அந்தத் திரைதான். வீடியோவில் வந்த அதிகாரி பண்பாகத்தான் பேசினார், ஆங்கிலத்தில், நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். முடிவாக அவர் சொன்னது: வேலை அனுமதி அட்டையோடு வார நாளில் கவுண்டருக்கு நேரில் வரவும். இவருக்கு வேலை திங்கள் முதல் சனி வரை, தளத்திலிருந்து லாரி விடுதிக்குத் திரும்பும்போது கவுண்டர் மூடி வெகு நேரம் ஆகியிருக்கும். விடுப்பு எடுத்தால் அன்றைய சம்பளம் போகும்.

விடுதிகளில் தங்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்குச் சம்பளத்தை மின்னியல் முறையில்தான் கொடுக்க வேண்டும் என்று 2020இல் விதி வந்தது. நல்ல விதி, சம்பளம் கொடுத்ததற்கு அத்தாட்சி இருக்கும். ஆனால் அதனாலேயே வங்கி வேண்டாம் என்று அவர் விலகவும் முடியாது. 2024 ஜூலையில் சிங்கப்பூரின் மத்திய வங்கியான நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் சொன்னபடி, கணக்குக்குள் நுழையக் குறுஞ்செய்தி ஓடிபிக்குப் பதிலாகக் கைப்பேசிக்குள்ளேயே இருந்து நீங்கள்தான் என்று உறுதிசெய்யும் மின்னிலக்க டோக்கனுக்கு வங்கிகள் மாறின. பாதுகாப்புக்கு அது சரியான முடிவு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் கைப்பேசி தொலைந்தவன், எண் மாறியவன், திரை உடைந்தவன் எல்லாரும் தன் சொந்தக் காசுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. அவர்களை உள்ளே கூட்டி வர ஓர் ஆள் வேண்டும், அதுவும் அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் நாளில். அந்த ஞாயிறு அவர் ஊருக்குப் பணம் அனுப்பாமல்தான் திரும்பிப் போனார்.

மோசடி விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இதில்தான் மனசு ஆறவே இல்லை. 2021 டிசம்பரில் ஒரு வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பி ஏறக்குறைய 790 பேர் 1.37 கோடி வெள்ளியை இழந்தார்கள். அதற்குப் பிறகு வங்கிகள் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவதை நிறுத்தின, புது டோக்கன் செயல்படக் குறைந்தது 12 மணி நேரம் என்று வைத்தன. இருந்தும் 2024இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளில் போன பணம் 110 கோடி வெள்ளிக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவற்றில் யாரும் கணக்கை உடைத்துத் திருடவில்லை, ஏமாந்தவர்களே தங்கள் கையால் அனுப்பியிருக்கிறார்கள். இயந்திரத்தின் கண்ணுக்கு அது சரியான கார்டு, சரியான கடவுச்சொல், சரியான முகம். எதிரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு வேறு ஒன்று தெரியும்: ஆண்டி காதில் ஃபோனை வைத்துக்கொண்டே படிவம் நிரப்புகிறார், யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டால் கண்ணைப் பார்க்காமல் பதில் சொல்கிறார். இப்படிக் கவனித்து முதியவர்களின் சேமிப்பைக் காப்பாற்றிய வங்கி ஊழியர்களைக் காவல்துறை கூப்பிட்டுப் பாராட்டியிருக்கிறது. சந்தேகமான பரிவர்த்தனையைப் பிடிக்கும் மென்பொருள் வங்கிகளிடம் இருக்கிறது, அது இராப்பகலாக உழைக்கிறது, வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் ‘பரவாயில்லை, அனுப்பு’ என்று பொத்தானை அழுத்துகிறவரிடம் தண்ணீர் ஒரு கிளாஸ் கொடுத்து, “உங்க மகளுக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுட்டு அனுப்பலாமா ஆண்டி?” என்று கேட்பதற்கு மனுஷர்தான் வேண்டும். எவ்வளவு சொல்லியும் ஏமாறுகிறவர் கேட்காத நிலையில் கணக்கை நிறுத்தி வைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் கொடுக்கும் சட்டமே 2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்துவிட்டது. அந்த அளவுக்குப் போவதற்கு முன் தடுக்கக்கூடிய இடம் கவுண்டர்.

வங்கிகளுக்கே இது தெரியும் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 2023 கடைசியில் உள்ளூர் வங்கிகள் மூன்றும் பணத்தைப் பூட்டி வைக்கும் வசதியைக் கொண்டு வந்தன. செயலியிலேயே ஒரு தொகையைப் பூட்டிவிடலாம், அப்புறம் அதை இணையத்தில் யாராலும் தொட முடியாது. திறக்க வேண்டுமென்றால் வங்கிக்கு வங்கி முறை மாறினாலும் பொதுவாக நேரில் போய் நின்று, நீங்கள்தான் என்று காட்ட வேண்டும். அருமையான ஏற்பாடு, அம்மாவின் சேமிப்பில் பெரும்பகுதியை அப்படித்தான் வைத்திருக்கிறோம், பெற்றோர் இருக்கும் எல்லாரும் இன்றைக்கே செய்யுங்கள் என்பேன். ஆனால் நேரில் வா என்று சொல்கிற அதே நேரத்தில், நேரில் வந்தால் பார்க்க இருக்கும் ஆளைக் குறைத்துக்கொண்டே போவது எப்படிச் சரியாகும்? அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சைக்காக ஒரு பகுதியைத் திறக்கப் போனபோது, அந்த ஒரே கவுண்டருக்கு முன்னால் நாற்காலி எல்லாம் நிறைந்து, ஊன்றுகோலோடு வந்தவர்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

ஒரு காலத்தில் இதே ஊரில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில், அதாவது வட்டிக்கடைக் கூடங்களில், செட்டியார்கள் தரையில் உட்கார்ந்து, ஆளைப் பார்த்து, ஊரையும் தொழிலையும் விசாரித்துக் கடன் கொடுத்தார்கள். அந்தக் காலம் திரும்ப வேண்டாம், முகம் தெரியாதவனுக்கும் சமமாகக் கணக்குத் திறந்து கொடுக்கும் வங்கிதான் நல்லது, அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1877இல் ஆரம்பித்ததிலிருந்து சின்னச் சேமிப்புக்காரர்களுக்கு நடந்த நன்மை கொஞ்சநஞ்சம் இல்லை. விசாரித்துத் தெரிந்துகொள்ளும் அந்தப் பழக்கம் மட்டும் ஏன் போக வேண்டும் என்று கேட்கிறேன்.

இயந்திரங்களுக்கு ஐந்தில் நாலரை கொடுப்பேன், தமிழ் பாதியில் நிற்காமல் இருந்திருந்தால் ஐந்துமே. அரசாங்கச் சேவைகளுக்கு நுழைய உதவும் சிங்பாஸ் செயலி நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இருக்கும்போது வங்கி இயந்திரத்தால் முடியாதா என்ன. கிளை என்ற முறையில் இரண்டுக்கு மேல் மனசு வரவில்லை, அந்த இரண்டும் வாசலில் நிற்கும் தம்பிக்கு. வங்கியின் கருத்துப் படிவத்தில் மூன்று விஷயம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: இரண்டு கவுண்டரிலும் எப்போதும் ஆள், ஞாயிற்றுக்கிழமை அரை நாளாவது எண் மாற்றம் மாதிரியான வேலைகளைப் பார்க்க ஒருவர், அப்புறம் அந்தத் தம்பிக்கு நிரந்தர வேலை. படிவத்தில் பெயர் கேட்டிருந்தார்கள், அவர் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்து எழுதினேன். நீங்களும் எந்தக் கிளையில் யார் உதவினாலும் பெயரோடு எழுதிக் கொடுங்கள்.

போகிறவர்களுக்கு: வயதானவர்களைக் கூட்டிப் போவதானால் வார நாளில், திறந்த உடனே, சம்பளத் தேதியை ஒட்டி வேண்டாம். வரிசை எண்ணைக் கைப்பேசியிலேயே முன்கூட்டி எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். நோட்டுகளை முந்தின இரவே கனமான புத்தகத்துக்கு அடியில் வையுங்கள். கைப்பேசி எண்ணை மாற்றப் போகிறவர்கள், பழைய சிம்மை விடும் முன் வங்கியில் புது எண்ணைக் கொடுத்துவிடுங்கள், உங்களுக்குத் தெரிந்த வெளிநாட்டு ஊழியர்கள் எல்லாருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.