தீப்பந்து பிடிக்க ஐ.எம்.எக்ஸ். 291 கமரா: மலையகக் குளிருக்குத் தாங்குமா?

வெள்ளிக் கிரகத்தையும் மிஞ்சும் வெளிச்சத்தோடு எரிந்து விழும் விண்கல்லைத்தான் தீப்பந்து என்கிறோம். பெரும்பாலும் சில செக்கன்களில் அணைந்துவிடும். போனை வெளியே எடுப்பதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். இரவு முழுக்க வானத்தைப் பார்த்தபடி ஒரு கமரா கிடந்தால்தான் மாட்டும். அதற்குத் தோதானது சோனியின் ஐ.எம்.எக்ஸ். 291 சென்சர் போட்ட சிசிடிவி கமராவும், படத்தைப் பதிய ராஸ்பெரி பை 4 என்ற ஒரு குட்டிக் கணினியும்.

சென்சரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 3.6 மி.மீ. லென்ஸ் போட்டால் அகலவாக்கில் ஏறத்தாழ 88 பாகை வானம் அடங்கும். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டினால் உருப்படாது. முதலில் இன்ஃப்ராரெட் எல்.இ.டி.களைக் கழற்றுங்கள். மூடுபனி இறங்கினால் அந்த வெளிச்சமே திரும்பி வந்து படம் பால் ஊற்றினாற்போல் வெளுக்கும். போதாததற்குப் பூச்சியும் மொய்க்கும். பிறகு ஷட்டரை 1/25 செக்கனில் நிறுத்தி, இரவு பகல் தானாக மாறுவதையும் இரைச்சல் குறைப்பையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்கல்லின் மங்கலான கோடுகளை அழுக்கென்று நினைத்து கமராவே துடைத்துவிடும்.

காலை வாருவது கமராவை மூடும் கூடுதான். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனியே படியும். கமராக் கண்ணாடி எம்மாத்திரம்? விண்கற்கள் கூடுதலாக வரும் நள்ளிரவுக்குப் பிந்திய நேரத்தில்தான் அது வியர்த்துப்போகும். 12 வோல்ட்டில் 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கண்ணாடியின் உள்விளிம்பில் ஒட்டினால் 2 வாட் சூடு கிடைக்கும், அது போதும். குமிழ்க் கூடு வேண்டவே வேண்டாம், தட்டைக் கண்ணாடி நல்லது. கேபிளைக் கீழே தொங்கவிட்டு வளைத்து ஏற்றுங்கள், மழைத்தண்ணி வளைவிலேயே சொட்டிவிடும். ஒக்டோபர், நவம்பர் இடிமழைக்கு லேன் கேபிளில் சர்ஜ் (திடீர் மின் ஏற்றம்) தடுப்பான் கட்டாயம். அதற்கு ஒழுங்கான எர்த் இல்லாவிட்டால் வாங்கிய காசு வீண்.

இன்னொன்று: பை 4-இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்த பிறகு இன்டர்நெட் இல்லையென்றால் நேரம் பிசகும். டி.எஸ். 3231 கடிகாரத் துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள்.

பெரிய தீப்பந்தில் படம் வெள்ளையாக நிரம்பிவிடுவதால் ஒளி அளவு சரியாக வராது. உயரம், வேகம் கணக்கிட ஒரு கமரா போதாது. நுவரெலியாவில் ஒன்று, நேர்கோட்டில் சுமார் 100 கி.மீ. தள்ளிக் கொழும்பில் ஒன்று இருந்தால், இரண்டிலும் பதிந்த பாதையை வைத்து முக்கோணம் போட்டுவிடலாம்.