எரிமலைப் பாறை ஸ்லைடு பெட்டி: படிக வளையங்களுக்கு அருமை, கண்ணாடித் துளிகளுக்குப் போதாது

எரிமலைப் பாறைகளில் காணப்படும் பிளேஜியோகிளேஸ், ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமங்கள்தான் பாடம் என்றால் இந்தப் பயிற்சிப் பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம். படிகத்துக்குள் சிக்கிக் கண்ணாடியாக உறைந்த மாக்மாத் துளிகளைக் காட்ட இது மட்டும் போதாது.

பெட்டியில் சிறந்தது ஆண்டிசைட் என்ற எரிமலைப் பாறையின் ஸ்லைடு. நுண்ணோக்கியின் இரண்டு போலராய்டு வடிகட்டிகளையும் குறுக்காக வைத்து மேடையைச் சுழற்றினால் பிளேஜியோகிளேஸ் வளையம் வளையமாக இருள்கிறது. நடுப்பகுதி சல்லடையாக அரித்திருக்க, விளிம்பு சுத்தமாக இருக்கிறது. சூடான புது மாக்மா கலந்ததால் வந்த அரிப்பு என்கிறது கையேடு. மாக்மா வேகமாக மேலேறி அழுத்தம் குறைந்தாலும் இதே அரிப்பு வரும். அதை ஆசிரியர்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஹார்ன்பிளெண்டைச் சுற்றிய கருவிளிம்பு தெளிவு. ஆனால் ஒப்பிட விளிம்பில்லாத மாதிரி ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில் 1980 மே 18 வெடிப்பின் நுரைக்கல்லில் அந்த விளிம்பு கிடையாது. பிறகு மெதுவாக ஏறிய குழம்பில் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்தால்தான் ஏறிய வேகம் புரியும்.

சொதப்பல் ஒலிவின் என்ற பச்சைக் கனிமத்தின் ஸ்லைடில். அதில் சிக்கிய மாக்மாத் துளிகள் பெரும்பாலும் 20 முதல் 100 மைக்ரான். ஸ்லைடில் ஒட்டிய பாறைச் சீவலோ 30 மைக்ரான் தடிமன்தான். முக்கால்வாசித் துளிகள் அறுபட்டுத் திறந்து கிடக்கின்றன. போதாக்குறைக்குப் பாறை, தடித்த லாவா ஓட்டத்திலிருந்து எடுத்தது. மெதுவாக ஆறியதால் துளிக்குள் கண்ணாடிக்குப் பதில் நுண்படிகங்கள் நிறைந்து கருத்திருக்கிறது.

வெடித்துச் சிதறி உடனே குளிர்ந்த ஸ்கோரியா என்ற துளைகள் நிறைந்த எரிமலைக்கல்லின் ஒலிவின் மணிகளைத் தனியாக வாங்குங்கள். 1 மி.மீ. அளவு மணிகளைக் கிராம்பு எண்ணெயில் மூழ்கவைத்துப் பாருங்கள். தண்ணீரில் மணியின் ஓரம் கருத்து உள்ளே தெரியாது. கண்ணாடித் துளிக்குள் ஒற்றைக் குமிழி தெரியும். குளிரும்போது உருகல் சுருங்குவதால் வருவது அது. கார்பன் டை ஆக்சைடில் பெரும்பங்கு அதற்குள் போய்விடும். கண்ணாடியில் உள்ள வாயுவை மட்டும் அளந்தால், துளி சிக்கிய ஆழம் உண்மையைவிடக் குறைவாக வரும். துளியின் பாதியை அடைக்கும் குமிழி என்றால் அது தொடக்கத்திலேயே வாயுவோடு சிக்கியது, கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று, வாங்கியதும் தடிமனைச் சோதியுங்கள். குறுக்குப் போலராய்டுகளில் பிளேஜியோகிளேஸ் சாம்பல்-வெள்ளையாக இல்லாமல் மஞ்சளாகத் தெரிந்தால் சீவல் தடித்தது. அதில் ஆர்த்தோபைராக்சீன் என்ற கனிமம் கூடுதல் நிறம் காட்டி, அதன் உறவுக் கனிமமான கிளினோபைராக்சீன் என்று ஏமாற்றும். அப்படிப்பட்ட ஸ்லைடைத் திருப்பி அனுப்பி மாற்றிக்கொள்ளுங்கள்.