வார்டுக்கு ஏசியா ஜன்னலா? நம்ம குமரி மாவட்டத்துக்கு எது சரிப்படும்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் எங்க போனாலும் புதுசா ஆஸ்பத்திரி கட்டுதவங்க மொத கேள்வியா கேக்குறது "வார்டு ஃபுல்லா ஏசி போட்டுரலாமா"ன்னுதான். ஆஸ்பத்திரி பில்டிங் மெயின்டனன்ஸ்ல இருக்கவன்ங்கற முறையில என் கட்சி எதுன்னு இப்பவே சொல்லிருதேன். சாதாரண வார்டுக்கு ஜன்னல், ஆபரேஷன் தியேட்டருக்கும் ஐசியூக்கும் ஏஹெச்யூ (வெளிக்காத்தையும் சேத்து வடிகட்டி, குளிர வச்சு, குழாய் வழியா உள்ள அனுப்புற பெரிய மெஷின்) வச்ச சென்ட்ரல் ஏசி, நடுவுல நிக்க ஸ்பிளிட் ஏசி ரெண்டுங்கெட்டான். ஆனா இன்னைக்கு அதிகமா விக்குறதும் அந்த ரெண்டுங்கெட்டான்தான்.

மொதல்ல ஜன்னல் வார்டு. உயர கூரை, ரெண்டு பக்கமும் ஜன்னல், வெளிய வராந்தா, பழைய ஆஸ்பத்திரில எல்லாம் இப்படித்தான் இருக்கும். நெய்யூர் ஆஸ்பத்திரி 1838ல ஆரம்பிச்சப்போ கரண்டே கிடையாது, காத்த விட்டா வேற வழி இல்ல. ஆசாரிப்பள்ளத்துலயும் மெடிக்கல் காலேஜ் வாறதுக்கு முன்னால டிபி ஆஸ்பத்திரிதான் இருந்துச்சு, டிபிக்கு மருந்து வாறதுக்கு முந்தி வெயிலும் காத்தும்தான் வைத்தியம். இத பழைய காலத்துப் பேச்சுன்னு தள்ள முடியாது, ஏன்னா பெரு நாட்டு லிமால ஆஸ்பத்திரி ரூம் ரூமா காத்தோட்டத்த அளந்து 2007ல ஒரு ஆய்வு போட்டாங்க, ஜன்னல் கதவெல்லாம் தொறந்து வச்சா மணிக்கு சராசரியா 28 தடவ ரூம் காத்து மாறுது, மெஷின் வச்ச தனிமை ரூமுக்கு வேணும்னு சொல்லுறது 12 தடவதான், அதுலயும் பழைய உயர கூரை கட்டிடத்துல 40, புதுக் கட்டிடத்துல 17. இது நம்மாளு நிறைய பேருக்கு நம்பவே முடியாது.

ஆனா ஜன்னல் இருந்தா போதும்னு நெனச்சுராதீங்க. ஒரு பக்கம் மட்டும் ஜன்னல்னா கூரை உயரத்துல ரெண்டு, ரெண்டரை மடங்கு தூரம் வரைதான் காத்து உள்ள போகும், எதிர்ப் பக்கமும் தொறப்பு இருந்தா அஞ்சு மடங்கு வரை போகும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. இப்போ கட்டுற பில்டிங்ல நடுவுல காரிடார், ரெண்டு பக்கமும் ரூம், ரூமுக்கு ஒத்த ஜன்னல், அதுவும் பாதிதான் தொறக்குற ஸ்லைடிங்கு. பொறவு காத்து வரலன்னா எப்படி வரும்?

ஜன்னல் வார்டுக்கு தொந்தரவு இல்லையான்னா, நிறைய இருக்கு. நமக்கு ஆனி ஆடியில ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில இன்னொரு மழை, ரெண்டு பக்கத்து சாரலையும் தடுக்க சன்ஷேடு நல்லா வெளிய நீட்டி இருக்கணும், இல்லன்னா ஜன்னலோரக் கட்டில் நனையும், நர்ஸம்மா வந்து எல்லாத்தையும் அடைச்சுட்டுப் போயிருவாங்க. கொசுவுக்கு வலை அடிக்காம முடியாது, வலை அடிச்சா காத்து கொறையும், அதுல தூசி அடைச்சா இன்னும் கொறையும், அதனால கழட்டி கழுவுற மாதிரி ஃப்ரேம் போட்ட வலைதான் வேணும், ஆணி அடிச்சு ஒட்டுன வலைய ஒருத்தனும் கழுவ மாட்டான். காக்கா, பூனை, பைஸ்டாண்டர் (நோயாளிக்குத் துணைக்கு நிக்குறவங்க) காயப் போடுற துணி இதெல்லாம் தனிக்கதை. சித்திரை வெயில்ல கான்கிரீட் மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்க வார்டு கொதிக்கும், அங்க மேல ஷீட்டு கூரை போடாம ஃபேன மட்டும் சுத்த விட்டா சூடு காத்துதான் அடிக்கும்.

இப்போ ஸ்பிளிட் ஏசிக்கு வாறேன். நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காத்த உள்ள கொண்டு வராது. அறைக்குள்ள இருக்க காத்தையே உறிஞ்சி குளிர வச்சு திருப்பி விடுது, அவ்வளவுதான். எட்டு கட்டில் வார்டுல ஒருத்தருக்கு டிபி இருந்து யாருக்கும் தெரியலன்னா, அவரு இருமுன காத்துதான் ராத்திரி முழுக்க மத்தவங்களுக்கும். குளிரா இருக்குல்லா, அதனால காத்தோட்டம் நல்லா இருக்குன்னு நெனச்சுருதோம். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒண்ணு வாங்கி கட்டில் பக்கம் வச்சுப் பாருங்க, அளவு 1000 பிபிஎம் தாண்டி நிக்குதுன்னா ஆள் விட்ட மூச்சு வெளிய போகலன்னு அர்த்தம். இதுக்கு மேல நம்ம கடலோரத் தொல்லை வேற, குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம்னா உப்புக் காத்து அவுட்டோர் யூனிட்டோட அலுமினியத் தகட்ட அரிச்சுரும், கோட்டிங் போட்ட யூனிட்டு கேட்டு வாங்கணும். உள்ள டிரெயின் பைப் அடைச்சு தண்ணி சொவத்துல எறங்குனா பூசணம், அந்தப் பூசணத்து மேல பெயிண்ட் அடிக்குறதுக்குப் பேரு மெயின்டனன்ஸ்.

கரண்டு போனா? 2017 நவம்பர் 30 ஒக்கி புயலப் பாத்தவங்களுக்கு சொல்ல வேண்டாம், போஸ்ட்டெல்லாம் விழுந்து நாள் கணக்குல கரண்டு இல்ல. ஜெனரேட்டர் தியேட்டருக்கும் ஐசியூக்கும்தான், வார்டு ஏசிக்கு யாரும் டீசல் ஊத்தப் போறதில்ல. அப்போ தொறக்கவே முடியாத கண்ணாடி போட்ட வார்டுல நோயாளி நெலமைய யோசிச்சுக்கிடுங்க. தீ பிடிச்சா இன்னும் மோசம். 2011 டிசம்பர்ல கொல்கத்தா ஏஎம்ஆர்ஐ ஆஸ்பத்திரில பேஸ்மென்ட்ல பிடிச்ச தீயோட புகை மேல ஏறுச்சு, கண்ணாடி மூடுன பில்டிங்ல அது வெளிய போக வழியில்லாம 90 பேர் கிட்ட செத்தாங்க, நிறைய பேர் மூச்சு முட்டித்தான்.

ஏஹெச்யூ பத்தி சுருக்கமா: தியேட்டருக்கு வேற வழியே கெடையாது. மணிக்கு 20 தடவ காத்து மாறணும், அதுல 4 தடவ வெளிக்காத்தா இருக்கணும், ஹெப்பா ஃபில்டர் (ரொம்பப் பொடித் தூசியையும் கிருமியையும் பிடிக்குற வடிகட்டி) வேணும், தூசி உள்ள வராம தியேட்டர்ல காத்தழுத்தம் வெளிய இருக்குறத விட கூடுதலா இருக்கணும், ஆஸ்பத்திரித் தரத்துக்கு சான்று குடுக்குற என்ஏபிஹெச் கேக்குறது இதத்தான். ஸ்பிளிட் ஏசி மாட்டி தியேட்டர்னு நடத்துறது ஏமாத்து. ஆனா ஏஹெச்யூவ வாங்குறது பெரிசில்ல, ஓட்டுறதுதான் பெரிசு. ஃபில்டர் அடைச்சிருக்கான்னு காட்டுற பிரஷர் மீட்டர ஒருத்தர் தெனமும் பாத்து எழுதணும், ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) முடிஞ்சு புதுப்பிக்காம விட்ட ஏஹெச்யூவ விட நல்ல ஜன்னல் எவ்வளவோ மேல். இத வார்டு முழுக்கப் போடணும்னா கரண்டு பில்லக் கட்டுறது கடைசில நோயாளிதான்.

ஏற்கனவே ஸ்பிளிட் மாட்டிட்டோம், இப்ப என்ன செய்யன்னு கேக்குறவங்களுக்கு: கழட்ட வேண்டாம். ஜன்னல் காத்துல ஓடுற சாதாரண வார்டுக்கு உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர் வெளிக்காத்து, பத்து கட்டிலுக்குப் போட்டா மணிக்கு 2160 கன மீட்டர். அதையே குறியா வச்சு, பெட்டியில எழுதியிருக்க அளவப் பாத்து எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி ஒரு பக்கம் மாட்டுங்க, எதிர்ப் பக்கம் வெளிக்காத்து வர தொறப்பு விடுங்க, அந்தத் தொறப்பு டாய்லெட் பக்கமோ ஜெனரேட்டர் புகை வாற பக்கமோ இருக்கக் கூடாது. ஏசி குளிர் கொறையும், பில்லும் ஏறும். பகல்ல காத்து நல்லா அடிக்கும்போது ஏசிய அணைச்சுட்டு ஜன்னலத் தொறக்கச் சொல்லி வார்டு நர்ஸ் கிட்ட ரிமோட்ட குடுங்க, பைஸ்டாண்டர் கையில குடுக்காதீங்க.