கொரோனாவுக்குப் பின் பள்ளி: நாள் கணக்கா, அறிகுறியா, கிட்டா?

பிள்ளைக்குக் கொரோனா வந்து தணிந்துவிட்டது. நாளைக்கே அனுப்பலாமா, இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாமா? முடிவெடுக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: நாளை எண்ணுவது, அறிகுறியைப் பார்ப்பது, ஆன்டிஜென் கிட்டில் (மூக்கில் குச்சி விட்டு வீட்டிலேயே செய்யும் சோதனை) சோதிப்பது. மூன்றும் ஒரே கேள்விக்கான பதில் என்று எடுத்துக்கொள்வதால்தான் குழப்பம். பிள்ளை வகுப்பில் உட்காரும் அளவுக்குத் தேறிவிட்டதா என்பது ஒரு கேள்வி. பக்கத்துப் பிள்ளைக்குத் தொற்றுமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு அறிகுறி நன்றாகப் பதில் சொல்லும், இரண்டாவதற்குக் கிட். நாள் கணக்கு உங்கள் பிள்ளையைப் பார்க்காமலே இரண்டுக்கும் சேர்த்து ஒரு சராசரிப் பதிலைச் சொல்லும்.

நாள் கணக்கு

2020இல் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி 10 நாள் தனிமை என்றது. 2021 டிசம்பர் கடைசியில் அதை 5 நாளாக்கி, அடுத்த 5 நாள் மாஸ்க் போடச் சொன்னது. இந்தியாவில் 2022 ஜனவரியில் வந்த வீட்டுத் தனிமை விதி 7 நாள். கூடவே தொடர்ந்து 3 நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது. இங்கிலாந்து 2022 ஏப்ரலில் 18 வயது வரையுள்ளவர்களுக்கு 3 நாள் போதும் என்றது. பள்ளி நாள் இழப்பையும் தொற்றையும் தராசில் வைத்தபோது யார் எதற்கு எவ்வளவு எடை கொடுத்தார்கள் என்பதும் இந்த எண்களுக்குள் இருக்கிறது.

பரவல் பெரும்பாலும் அறிகுறி தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பும், தொடங்கியபின் இரண்டு மூன்று நாளும் நடக்கிறது. 10 நாள் ஆனபின் பெரும்பாலோர் பரப்புவதில்லை. இடையில் 5ஆம் நாளில் நிற்கும் பிள்ளையைப் பற்றித்தான் நாள் கணக்கால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

தவறு நடப்பது பெரும்பாலும் எண்ணுவதில். அறிகுறி தொடங்கிய நாள் 0, மறுநாள்தான் 1. திங்கட்கிழமை தொண்டை வலி, புதன்கிழமை பாசிட்டிவ் என்றால் 0 திங்கள்தான். 5ஆம் நாள் சனிக்கிழமை. அறிகுறியே இல்லாவிட்டால் சோதித்த நாளை 0 ஆக வைக்கலாம். ஆனால் இங்கிலாந்தின் 3 நாள் சோதித்த நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணுவது. எனவே பள்ளி ஒரு எண்ணைச் சொன்னால், எந்த நாளிலிருந்து என்று கேட்டுவிடுங்கள்.

அறிகுறி

2024 மார்ச்சில் சிடிசி நாள் எண்ணிக்கையைக் கைவிட்டு இந்தப் பக்கம் வந்தது: மொத்தத்தில் அறிகுறிகள் குறைந்துவர வேண்டும், காய்ச்சல் மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். அதன்பின் 5 நாள் கூடுதல் கவனம். பிள்ளைகளுக்கு எங்கள் தேர்வும் இதுதான், ஒரு நிபந்தனையோடு: "மருந்து இல்லாமலே" என்பதை ஏமாற்றாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

புதன் இரவு 9 மணிக்குக் கடைசியாகப் பாராசிட்டமால் சிரப் கொடுத்தீர்கள். அதன் வேகம் 4 முதல் 6 மணி நேரம் நிற்கும். வியாழன் காலை 7 மணிக்குத் தெர்மாமீட்டர் 98.4 காட்டினாலும், மருந்தின் துணையில்லாமல் கழிந்தது 4 முதல் 6 மணி நேரம்தான். வியாழன் முழுக்க மருந்தில்லாமல் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொடாமல் இருந்தால் வெள்ளிக்கிழமை அனுப்பலாம். மாலையில் காய்ச்சல் ஏறுவது வழக்கம் என்பதால், மாலை அளவை விட்டுவிட்டுக் காலை அளவை மட்டும் நம்பாதீர்கள். ஐபுபுரூஃபன் என்றால் 6 முதல் 8 மணி நேரம் நிற்கும். சளி மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் கலந்திருக்கும். "காய்ச்சல் மருந்து கொடுக்கவே இல்லையே" என்று சொல்பவர்கள் சளி சிரப்பின் லேபிளை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

இருமல் முழுக்க நிற்கக் காத்திருக்க வேண்டாம், வாரக்கணக்கில் நீளும். மணமும் சுவையும் திரும்பாததும் வீட்டில் வைத்திருக்கக் காரணமில்லை. இருமல் நேற்றைவிட மோசமாகிறது, சாப்பாடு இறங்கவில்லை, வாந்தியோ வயிற்றுப்போக்கோ நிற்கவில்லை என்றால் வீட்டிலேயே இருக்கட்டும். அறிகுறியே இல்லாமல் பாசிட்டிவ் ஆன பிள்ளையிடம் மட்டும் இந்த வழி ஊமையாகிவிடும். அங்கே நாளைத்தான் எண்ண வேண்டும்.

கிட்

இன்றைக்குத் தொற்றுமா என்பதற்கு வீட்டில் கிடைக்கும் மிக நெருக்கமான பதில் ஆன்டிஜென் கிட். ஆனால் ஒரு நெகட்டிவ் போதாது. 48 மணி நேர இடைவெளியில் இரண்டு வேண்டும். அழுது திமிறும் பிள்ளையின் மூக்கில் குச்சி சரியாகச் சுற்றாமல் வெளியே வந்தால், வரும் நெகட்டிவுக்கு மதிப்பில்லை. முதலில் மூக்கைச் சிந்த வைத்து, இரண்டு துளையிலும் கிட் தாளில் சொன்ன எண்ணிக்கைக்குச் சுற்றுங்கள். தாளில் உள்ள நேரத்தில், பெரும்பாலும் 15 நிமிடத்தில், பாருங்கள். மறந்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த கோடு செல்லாது. சரியான நேரத்தில் தெரியும் மங்கல் கோடும் பாசிட்டிவ்தான். கிட் சரியாக வேலை செய்ததைக் காட்டும் சி கோடு வராவிட்டால் அந்தக் கிட் வீண்.

ஆர்டி-பிசிஆரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. இறந்த வைரஸின் துணுக்கைக்கூட அது பிடித்துவிடும். தொற்று முடிந்தும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். "பிசிஆர் நெகட்டிவ் சான்றிதழ் கொண்டுவா" என்று கேட்கும் பள்ளி, நலமான பிள்ளையைக் காரணமில்லாமல் வீட்டில் உட்கார வைக்கிறது.

எதை எடுப்பது?

அறிகுறி விதியை எல்லோருக்கும் அடிப்படையாக வையுங்கள். வகுப்பிலோ வீட்டிலோ கீமோதெரபியில் இருப்பவர், உறுப்பு மாற்றம் செய்தவர், முதியவர் யாராவது இருந்தால் அதன்மேல் கிட்டையும் சேருங்கள். கிட் இல்லையென்றால் 10ஆம் நாள்வரை மாஸ்க். உங்கள் பிள்ளைக்கே எதிர்ப்புச் சக்தி குறைவென்றால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் பொருந்தாது. அப்படிப்பட்டவர்கள் 20 நாள்வரையும் அதற்கு மேலும் பரப்பலாம், மருத்துவரிடம் கேட்டே அனுப்ப வேண்டும்.

மாஸ்க் போட்டு அனுப்பினாலும் சாப்பாட்டு வேளையில் கழற்றத்தான் வேண்டும். பள்ளிக்குத் திரும்பிய முதல் 5 நாள் திறந்த வெளியிலோ சற்றுத் தள்ளியோ சாப்பிடட்டும். 2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மாஸ்க் கூடாது. வகுப்புக்குத் தேறிய பிள்ளை விளையாட்டுக்கும் தேறிவிட்டது என்று பொருளில்லை. ஓடும்போது நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சுத் திணறல், மயக்கம் எதுவானாலும் விளையாட்டை நிறுத்தி இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

தொற்றிலிருந்து 2 முதல் 6 வாரத்துக்குள் மறுபடி காய்ச்சல் வந்து, கண் சிவப்பு, தோல் தடிப்பு, வயிற்று வலி சேர்ந்தால், புதுச் சளிக் காய்ச்சல் என்று 24 மணி நேரக் கணக்கைத் தொடங்காதீர்கள். அரிதாக வரும் எம்ஐஎஸ்-சி என்ற பல உறுப்பு அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், முன்பு கொரோனா வந்த தேதியையும் சொல்லுங்கள்.