சின்ன ரீஃப் தொட்டிக்கு 165 வாட் 'பிளாக் பாக்ஸ்': வாங்கலாம், முழு வெளிச்சத்தில் மட்டும் போடாதீர்கள்

இரண்டடி ரீஃப் தொட்டிக்கு, அதாவது பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டிக்கு, மலிவாக லைட் தேடுகிறவர்களில் பாதிப் பேர் கடைசியில் இந்தப் பெட்டி முன்னால்தான் வந்து நிற்கிறார்கள். கறுப்பு உலோகப் பெட்டி, கீழே 55 எல்இடி, ஒன்றுக்கு 3 வாட் என்று கணக்குப் போட்டு அட்டையில் 165 வாட், உள்ளே விசிறி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க நீலத்துக்கு ஒன்று வெள்ளைக்கு ஒன்று என இரண்டு திருகு. ஏகப்பட்ட பெயர்களில் விற்கிறார்கள், திறந்து பார்த்தால் உள்ளே ஏறக்குறைய ஒரே சரக்குதான். சிங்கப்பூரில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் 60 சென்டிமீட்டர் நீளத் தொட்டியின் மேல் இது எரிகிறது. 120 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல் கொடுத்தேன். என் தீர்ப்பு: மென்பவளங்களும் ஹேமர், டார்ச் மாதிரி எல்பிஎஸ் (பெரிய பாலிப் கல் பவளம்) வகைகளும் வைப்பதற்கு இது தாராளமாகப் போதும், சொல்லப்போனால் கொஞ்சம் அதிகம்.

முதலில் அந்த 165-ஐ மறந்துவிடுங்கள். உள்ளே மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் எல்இடிகளை முழு 3 வாட்டில் ஓட்டுவதில்லை, அதனால் சுவர் பிளக்கிலிருந்து உண்மையில் இழுப்பது அட்டையில் உள்ளதைவிடக் குறைவு. அதை விடவும், பவளத்துக்கு வாட் பற்றிக் கவலையே இல்லை. அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து சோறு போடுகின்றன, அவற்றுக்கு எட்டும் ஒளியின் அளவுதான் முக்கியம். பிஏஆர் என்று அளப்பது அதைத்தான். மஷ்ரூம், ஜோவா, லெதர் போன்ற மென்பவளங்கள் எல்லாம் 50 முதல் 100 வரை கிடைத்தால் நன்றாக இருக்கும், எல்பிஎஸ் வகைகளுக்குச் சுமார் 75 முதல் 150, அக்ரோபோரா போன்ற எஸ்பிஎஸ் (சிறு பாலிப் கல் பவளம்) கேட்பவர்களுக்கு 200-க்கு மேல். 40 சென்டிமீட்டர் உயரத் தொட்டியில் இந்தப் பெட்டியை முழு வெளிச்சத்தில் வைத்தால் நடுவில் உள்ள பாறை உச்சி எஸ்பிஎஸ் அளவையும் தாண்டிவிடும். மலிவு லைட் என்றால் வெளிச்சம் பத்தாது என்று பயப்படுகிறார்கள், இங்கே ஆபத்து நேர் எதிர்ப்பக்கம். அளவுக்கு மீறி ஒளி விழுந்தால் பவளம் அந்தப் பாசிகளை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும்.

நான் நீரிலிருந்து 25 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு நீலத்தை 30 சதவீதத்துக்குப் பக்கத்திலும் வெள்ளையைப் 10 சதவீதத்திலும் வைத்திருக்கிறேன். புதுத் தொட்டி என்றால் இதையும் விடக் கீழே தொடங்கி சில வாரங்களில் மெதுவாக ஏற்றுங்கள். நீலம் ஏன் அதிகம் என்றால், அந்தப் பாசிகளின் பச்சையம் 430 முதல் 460 நானோமீட்டர் பகுதியை நன்றாக உறிஞ்சுகிறது, அப்புறம் பவளத்தில் இருக்கும் ஒளிரும் புரதங்கள் பச்சையும் ஆரஞ்சுமாக ஜொலிப்பதும் அந்த நீலத்தில்தான். வெள்ளை பெரும்பாலும் நம் கண்ணுக்காக. அதைக் கூட்டக் கூட்டத் தொட்டிக்கு அழகு போய் கண்ணாடியில் பாசி வருகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. லென்ஸ் வைத்த எல்இடி என்பதால் நடுவில் கொட்டி ஓரங்களில் தேய்கிறது, நீளமான தொட்டிக்கு ஒன்று போதாது. சிவப்பு, பச்சை எல்இடி கலந்த மாடல் வாங்கினால் மணல் மேல் வண்ண வண்ணப் புள்ளிகள் திருவிழா சீரியல் பல்பு போல ஓடும், எனக்குச் சகிக்கவில்லை, ஒரு சின்ன கறுப்பு டேப் ஒட்டி அந்தச் சிவப்பை அடைத்துவிட்டேன். விசிறிச் சத்தம் இரவில் கேட்கும், தொட்டி படுக்கையறையில் என்றால் இதை வாங்கவே வேண்டாம். கைபேசிச் செயலி, விடியல் அந்தி போல வெளிச்சம் மெல்ல ஏறி இறங்கும் வசதி எதுவும் கிடையாது. ஆனால் நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனி வயர் வரும் மாடலாகப் பார்த்து வாங்கி இரண்டு டைமர் போட்டால் காலையில் நீலம் முதலில், வெள்ளை பிறகு என்று ஓட்டலாம், பவளத்துக்கு அதுவே போதும். வயரை மட்டும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விடுங்கள், உப்புத் தண்ணீர் வழிந்தால் பிளக்குக்குள் போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும்.

வெப்பம் பற்றி இங்கே கேட்காத ஆள் இல்லை. ஏசி இல்லாத வீட்டில் தொட்டித் தண்ணீர் தானாகவே 29, 30 டிகிரிக்கு வந்துவிடுகிறது, பவளத்துக்கு 25 முதல் 27 இருந்தால் நிம்மதி. பழைய மெட்டல் ஹாலைடு விளக்கு என்றால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் தலைகாட்ட முடியாது. குறைத்து வைத்த எல்இடி பெட்டியின் சூடு விசிறி வழியாக மேலே போய்விடுகிறது, நீர்ப்பரப்பில் காற்றடிக்க ஒரு சின்ன விசிறி வைத்தால் இரண்டு டிகிரி இறங்கும். ஆவியாகும் தண்ணீரை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால் நிரப்ப வேண்டும், அது தனி வேலை.

சரி, மாற்று? ஓரடிக் கனசதுரத் தொட்டி என்றால் கெசில் ஏ80 பாருங்கள், 15 வாட்தான், விசிறியே இல்லை, நீரில் அலையடிக்கும் வெளிச்சம் அழகு. ஏஐ பிரைம் 16 எச்டி கைபேசியிலேயே ஒவ்வொரு நிறத்தையும் தனியாகச் சரிசெய்ய விடுகிறது, பணம் இருந்தால் இரண்டடித் தொட்டிக்கு அதுதான் சுகம். நன்னீர்ச் செடித் தொட்டிக்கான 6500 கெல்வின் வெள்ளை லைட்டை மட்டும் மலிவு என்று வாங்காதீர்கள். மஷ்ரூம் ஒருவேளை பிழைக்கும், ஆனால் பார்க்க எல்லாமே பழுப்பாகத் தெரியும்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கல் பவளங்கள் அங்கே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. லைட் வாங்கும் முன் எதை வைத்துக்கொள்ளலாம் என்று விசாரித்துவிடுங்கள்.

பழையது வாங்குபவர்கள் விற்பவர் வீட்டில் இரண்டு திருகையும் கடைசிவரை திருப்பி எரியாத எல்இடி இருக்கிறதா என்று பாருங்கள், விசிறி இறக்கையில் உப்புப் படிந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.