யூ பிளாக் லிண்டல் போட்டோம், ஒரு மழைக்காலமும் தாண்டிவிட்டது

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் அப்பா கட்டிய வீட்டின் மேல் போன வருடம் ஒரு மாடி எடுத்தோம். கீழ்வீட்டு ஜன்னல்களுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டலாக இருப்பது கருங்கல் பலகைதான், இங்கே பழைய வீடுகள் நிறைய அப்படித்தான் இருக்கும். கல் அசையவே இல்லை, ஆனால் ஒரு ஜன்னலில் பலகை முடிகிற இடத்திலிருந்து சுவரில் சாய்வாக ஒரு விரிசல், எத்தனை முறை பட்டி வைத்து அடைத்தாலும் மறு வருடம் திரும்ப வந்துவிடும். பூச்சை உடைத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் பலகை சுவரில் உட்கார்ந்திருந்தது வெறும் மூன்று அங்குலம். அதனால் மாடியில் லிண்டல் விஷயத்தை மட்டும் யாரிடமும் விட்டுவிடாமல் நானே நின்று பார்த்தேன்.

யூ பிளாக் என்பது 16 அங்குல நீளம், 8 அகலம், 8 உயரம், வழக்கமான கான்கிரீட் பிளாக் அளவுதான், மேல்பக்கம் மட்டும் தொட்டி போலத் திறந்திருக்கும். வாசலுக்கு மேலே இதை வரிசையாக அடுக்கி, உள்ளே கம்பி வைத்து கான்கிரீட் நிரப்பிவிட்டால் அதுவே லிண்டல். செண்ட்ரிங், அதாவது கான்கிரீட் ஊற்றச் சுற்றிலும் மரப்பலகை அடிக்கும் வேலை, வேண்டாம், அடியில் ஒரு பலகையும் அதைத் தாங்க முட்டும் போதும். ஹொசகோட்டை பக்கம் ஒரு பிளாக் யார்டில் வாங்கினோம். முதல் லோடில் பதினொரு பிளாக்குக்கு உதடு உடைந்திருந்தது, போன் செய்ததும் மறுநாளே பேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். சாதாரண பிளாக்கை விட விலை கூடத்தான், ஆனால் செண்ட்ரிங் கூலியில் அது சரியாகிவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதன் கணக்கு. நான்கு அடி ஜன்னல், இரண்டு பக்கமும் சுவரில் 8 அங்குலம் உட்கார வேண்டும், மொத்தம் 64 அங்குலம், சரியாக நாலு பிளாக். உள்ளறை வாசல் 3 அடி 4 அங்குலம், அதற்கு மூன்றரை பிளாக் வரும், அரை பிளாக் வெட்டுவதை விட இரண்டு பக்கமும் 12 அங்குலம் உட்கார வைத்து முழு நாலாகவே போட்டோம், இன்னும் பலம்தானே. உள்ளே கீழே இரண்டு 10 எம்எம் கம்பி, மேலே இரண்டு 8 எம்எம் கம்பி, அவற்றைச் சுற்றிக் கட்ட ஆறு அங்குலத்துக்கு ஒரு ரிங். இது எங்கள் இன்ஜினியர் எங்கள் வீட்டுக்குப் போட்ட கணக்கு, அகலமான வாசல் என்றால் வேறு கணக்கு, கேட்காமல் போடாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். சாதாரண லிண்டலில் பலகை பிரித்ததும் தேன்கூடு மாதிரி ஓட்டை இருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இதில் தெரியாது, பிளாக்கே மூடிவிடுகிறது. அதனால் ஊற்றும்போதே பார்த்துவிட வேண்டும். முதல் ஜன்னலுக்கு கம்பி இறக்கும் முன் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினேன், ஜாயிண்டிலிருந்து பிதுங்கிய கலவை உள்ளே கட்டிகட்டியாகக் காய்ந்து கிடந்தது. மேஸ்திரி திருவண்ணாமலைக்காரர், இருபது வருடமாக இங்கேதான் வேலை. "கான்கிரீட் விழுந்தா எல்லாம் ஒண்ணாயிடும்மா" என்றார். "இல்லண்ணா, கம்பி அதுமேல போய் உட்கார்ந்துடும், சுத்தி கான்கிரீட் போகாது" என்றேன். ஒரு நிமிடம் பார்த்தார், உளியை எடுத்து அவரே சுரண்டினார். அடுத்த வாசலிலிருந்து பிளாக் வைத்த கையோடு கலவை ஈரமாக இருக்கும்போதே வழித்துவிட்டார், நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

அப்புறம், ஊற்றும் முன் தொட்டியை நன்றாக நனைக்க வேண்டும், இல்லையென்றால் காய்ந்த பிளாக் கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும். கம்பி தொட்டியின் அடியில் ஒட்டிவிடாமல் தூக்கிப் பிடிக்க, கவர் பிளாக் என்ற சின்னக் கட்டை அவசியம். 12 எம்எம் ஜல்லி போதும், பெரிய ஜல்லி கம்பிக்கும் பிளாக் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். ஒரு ஜன்னலுக்கு ஏறக்குறைய ஒரு கன அடி கான்கிரீட்தான் பிடிக்கிறது, அதனால் நாலு ஜன்னலைத் தயார் செய்து வைத்துக்கொண்டு ஒரே கலவையில் ஊற்றுங்கள். கம்பித் துண்டால் குத்திக் குத்தி இறக்கினோம், மறுநாள் சுத்தியல் கட்டையால் தட்டிப் பார்த்தோம், எங்கேயும் பொள்ளல் சத்தம் வரவில்லை. சணல் சாக்கு போட்டு பத்து நாள் தண்ணீர் விட்டோம், அடியில் கொடுத்த முட்டுகளை 14 நாள் எடுக்கவில்லை. ஐந்தாம் நாளே எடுக்கலாம் என்று சொன்னார்கள், நான் விடவில்லை.

குறை இருக்கிறது. சன்ஷேடு வேண்டும் என்றால் இது ஒத்துவராது. சன்ஷேடும் லிண்டலும் ஒன்றாக வார்த்தால்தான் வெளியே நீளும் பலகைக்குப் பிடிமானம், இங்கே பிளாக்கின் வெளிப்பக்கச் சுவர் குறுக்கே நிற்கிறது. தெருப்பக்க ஜன்னல் இரண்டுக்கும் பழைய முறையில் செண்ட்ரிங் அடித்துத்தான் போட்டோம். நாலு அங்குல உள்சுவருக்கும் இது வேண்டாம், தொட்டிக்குள் கம்பிக்கே இடம் இருக்காது.

சுவர் முழுக்க ஓடும் லிண்டல் பட்டைக்கு மட்டும் இதை விட்டால் வேறில்லை என்று சொல்வேன். 1993-ல் மகாராஷ்டிராவின் கில்லாரி நிலநடுக்கத்தில் பட்டை இல்லாத கல்வீடுகள் எப்படிச் சரிந்தன என்பது நினைவிருக்கும். பெங்களூருவில் அந்த ஆபத்து குறைவுதான், ஆனாலும் அப்பா கேட்டார் என்று படுக்கையறை நாலு சுவரிலும் ஒரே வரிசையாக ஓட்டினோம். மூலையில் மட்டும் பிளாக்கின் பக்கத்தை மெஷினால் வெட்டி, கம்பியை எல் மாதிரி வளைத்து அடுத்த சுவருக்குள் 20 அங்குலம் விட்டார்கள்.

மழை முடிந்ததும் ஒவ்வொரு ஜன்னல் மூலையாக டார்ச் அடித்துப் பார்த்தேன், பூச்சில் ஒரு மயிரிழை விரிசல் கூட இல்லை. 5-க்கு 4 கொடுக்கிறேன், அந்த ஒன்று சன்ஷேடுக்காகக் குறைத்தது. வாங்குகிறவர்கள் இரண்டு நாள் முன்பே யார்டில் சொல்லிவையுங்கள், அதுவும் 6 அங்குலச் சுவருக்கான யூ பிளாக் எப்போதும் கையிருப்பில் இருப்பதில்லை.