கொப்பி, போன், ஜிபிஎஸ்: யாழ்ப்பாணக் கழகத்துக்கு எது உதவும்?

ஐரோப்பிய உதைபந்தாட்டத்தில் தரவு பெரிதாக மாற்றியது ஆள் எடுக்கும் முடிவை. மத்யூ பென்ஹாம் 2012இல் கைக்கொண்ட இங்கிலாந்துக் கழகமான பிரென்ட்ஃபோர்ட், பெரிய காசில்லாமல் கணக்குப் பார்த்து வீரர்களை எடுத்து 2021இல் பிரீமியர் லீக்குக்கு ஏறியது. 2017இல் லிவர்பூல் முகமது சலாவை வாங்கியபோது அதன் ஆய்வுப் பிரிவின் கணக்கும் மேசையில் இருந்தது.

குருநகரிலோ இளவாலையிலோ இந்தக் கணக்குக்கு வேலை குறைவு. பெரும்பாலும் ஊர்ப் பொடியள்தான் ஆடுகிறார்கள். இங்கே மாற்றக்கூடிய முடிவுகள் வேறு: எங்கிருந்து கோலுக்கு அடிப்பது, கோணர் உதையை யாரிடம் கொடுப்பது, பெனால்டிக்கு எந்தப் பக்கம் பாய்வது, 70ஆவது நிமிடத்தில் யாரை மாற்றுவது. வெளிநாட்டில் இருக்கும் ஊரவர் காசு தரத் தயார் என்றதும் பேச்சு நேராக ஓட்டத்தை அளக்கும் கருவி வைத்த ஜிபிஎஸ் பெனியனுக்குப் போகிறது. இந்த நான்கு முடிவுகளில் முதல் மூன்றுக்கு அது எதுவும் சொல்லாது.

கொப்பியில் தொடங்குவோம். மைதானத்தை நீளத்தில் ஆறாகவும் அகலத்தில் மூன்றாகவும் பிரித்தால் 18 கட்டம். இருவர் தேவை: ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். தனியாளாக எழுதினால் தலை குனிந்திருக்கும் நேரத்தில் பந்து போய்விடும். கோலை நோக்கிய ஒவ்வொரு அடிக்கும் நிமிடம், கட்டம், காலா தலையா, முன்னால் நின்ற எதிராளிகள் எத்தனை பேர், முடிவு என்ன என்ற ஐந்தும் போதும். எல்லாப் பாஸையும் எழுத வெளிக்கிட்டால் அரைமணிக்குள் கை விட்டுவிடும். தொழில்முறை ஆட்டமொன்றில் இரு அணியும் சேர்ந்து 800 பாஸுக்கு மேல் போகும். கோலை நோக்கிய அடிகள் 25 அளவில்தான்.

அந்த 25 போன்ற அடிகளை வைத்துத்தான் எக்ஸ்ஜி என்கிற ‘எதிர்பார்க்கப்படும் கோல்’ கணக்கே நிற்கிறது. ஒரு இடத்திலிருந்து முன்பு அடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான அடிகளில் எத்தனை கோலாயின என்ற விகிதமே அந்த எண். பெனால்டிக்கு ஏறத்தாழ 0.78. பெனால்டிப் பெட்டிக்கு வெளியே, கோலிலிருந்து 25 மீற்றரில் அடித்தால் 0.03 அளவு, அதாவது ஏறத்தாழ முப்பது முயற்சிக்கு ஒரு கோல். ஒரே இடத்திலிருந்து தலையால் முட்டினால், காலால் அடிப்பதைவிட வாய்ப்புக் குறைவு. பிரீமியர் லீக்கில் தூர அடிகளின் பங்கு கடந்த பத்தாண்டுகளில் குறைந்ததற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கிய காரணம். உங்கள் அணியின் ஐந்து ஆட்டத்து அடிகளை ஒரே தாளில் புள்ளியிட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் பெட்டிக்கு வெளியே விழுந்திருந்தால் அடுத்த கிழமைப் பயிற்சி எதில் என்பது தெரிந்துவிடும்.

கொப்பி தவறவும் செய்யும். இங்கிலாந்தின் சார்ள்ஸ் ரீப் 1950 மார்ச்சில் சுவிண்டன் அணியின் ஆட்டத்தில் எழுதத் தொடங்கி, பெரும்பாலான கோல்கள் மூன்று அல்லது அதற்குக் குறைந்த பாஸில் வருகின்றன என்று கண்டார். நீளப் பந்தே நல்லது என்ற முடிவுக்கும் போனார். ஆனால் பெரும்பாலான நகர்வுகள் மூன்று பாஸுக்குள்தான் முடிகின்றன. கோலும் அங்கே கூடத்தான் இருக்கும். கோலை மட்டும் எண்ணி, முயற்சிகளை எண்ணாமல் விட்டால் இந்தப் பிழை வரும். நம்மூரில் இதற்கு ஒப்பானது காற்று. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காற்றோடு ஆடும் பாதியில் நீளப் பந்து பலிக்கும், எதிர்த்து ஆடும் பாதியில் திரும்பி வரும். காற்றுத் திசைக்கு ஒரு நிரல் இல்லாத கொப்பி, வீரரைப் பற்றிப் பொய் சொல்லும்.

பெனால்டிக்கும் தாள் போதும். 2006 உலகக் கிண்ணக் காலிறுதியில் ஜேர்மனியின் கோல்காப்பாளர் லேமன் ஆர்ஜென்டீனா வீரர்கள் அடிக்கும் பக்கங்களை எழுதிய தாளைக் காலுறைக்குள் வைத்திருந்தார். இரண்டு உதைகளைத் தடுத்தார். இரண்டாவதாகத் தடுக்கப்பட்ட கம்பியாசோவின் பெயர் அதில் இல்லை. ஆனாலும் தாளை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கோலில் நின்றார்.

போன் வீடியோவின் பலம், கொப்பி தவறவிட்டதைத் திரும்பப் பார்க்கலாம் என்பது. கோணர் உதையில் யார் யாரை விட்டான் என்பதைக் கண்ணால் எழுத முடியாது. நடுக்கோட்டுக்கு நேரே, நாலைந்து மீற்றர் உயரத்தில் வையுங்கள். நம் மைதானங்களில் சனம் கோட்டோரம் நிற்பதால் நிலமட்டத்தில் வைத்தால் முதுகுகள்தான் பதியும். பின்னேர ஆட்டமென்றால் மேற்குப் பக்கம் நின்று கிழக்கைப் பாருங்கள், இல்லாவிட்டால் வீரர்கள் நிழலுருவாகிவிடுவார்கள். முழு 1080 தரம் போதும். 4 கே பிடித்தால் இடம் முடியும், போனும் சூடேறி நின்றுவிடும். விமானப் பயன்முறை, போனுக்கு நிழல், இரு பாதிக்கும் தனித்தனிக் கோப்பு. முக்காலியின் நடுவில் மண்பை கட்டாவிட்டால் சோளகம் படத்தை ஆட்டிவிடும்.

ஜிபிஎஸ் கருவி தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இருக்கும். நல்லவை நொடிக்குப் பத்துத் தடவை இடத்தைப் பதியும். அது சொல்வது சுமை: மணிக்கு 25 கிலோமீற்றரைத் தாண்டிய ஓட்டங்கள் எத்தனை, இந்தக் கிழமை போன கிழமையைவிட எவ்வளவு கூட. காயத்திலிருந்து திரும்புகிறவருக்கு உண்மையில் உதவும். மொத்தத் தூரத்தை வைத்து மட்டும் ஆளை எடைபோடாதீர்கள். பந்து கைவசம் இல்லாத அணிக்கு அதைத் துரத்தி ஓடவேண்டி வரும். ஒருவருக்கு எப்போதும் ஒரே கருவியைக் கொடுங்கள். கருவிக்குக் கருவி அளவு மாறும். ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் முன்பே கருவியைத் திறந்த வெளியில் வைத்து இயக்கிவிடுங்கள். பல நிறுவனங்கள் வருடச் சந்தாவும் கேட்கும். அது நின்றால் தரவையும் பார்க்க முடியாது போகலாம்.

பந்தைத் தானே பின்தொடரும் கமரா வசதியானதுதான். ஆனால் உயரக் கம்பம், சந்தா, பெரிய கோப்பை ஏற்றுவதற்கு வேகமான இணையம் மூன்றும் வேண்டும். கோட்டோரம் கிடக்கும் வேறு பந்தைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தைத் தவறவிடவும் செய்யும். பல வயதுப் பிரிவுகளும் ஒரே மைதானத்தில் ஆடும் பெரிய பாடசாலைக்குச் செலவு பகிரப்படும். தனிக் கழகத்துக்கு இப்போது வேண்டாம்.

எங்கள் தெரிவு: முதல் பருவம் கொப்பியும் போனும் சேர்ந்தே. வருகிற காசில் முக்காலியும் பவர் பேங்கும் வாங்குங்கள். மீதியை எழுதும் இருவரின் போக்குவரத்துக்கு ஒதுக்குங்கள். ஆட்டம் முடிந்து இரண்டு நாளுக்குள் பயிற்றுநருக்கு ஒரு பக்கமும் ஆறு வீடியோத் துண்டுகளும் போய்ச் சேரட்டும். அதைப் பார்த்து அவர் அணியில் எதையாவது மாற்றுகிறாரா என்று பத்து ஆட்டம் கவனியுங்கள். மாற்றுகிறார் என்றால் இரண்டாம் பருவத்தில் ஜிபிஎஸ் பற்றிப் பேசலாம்.